ரோமா பிள்ளைகளின் பள்ளிகள் வழியாக ஒரு பயணம்

ஐரோப்பாவில் ரோமா பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசும் யாரும் ஓஸ்த்ராவாவைத் தாண்டிப் போய்விட முடியாது. செக் குடியரசின் வடகிழக்கு மூலையில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த நகரம் நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்தது. விட்கோவிட்சே உருக்காலை இன்று அருங்காட்சியகம். ஊதுலை ஒன்றின் தலைமேல் கண்ணாடிக் கோபுரம் எழுப்பி, ஏறி வருகிறவர்களுக்கு அங்கே காப்பி விற்கிறார்கள். ஊருக்குள் இருந்த கடைசிச் சுரங்கம் 1994-இல் மூடப்பட்டது. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி உண்டான எமா என்ற குன்று மட்டும் உள்ளுக்குள் இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது.

ஆலைக்கும் சுரங்கத்துக்கும் ஆள் தேவைப்பட்டபோதுதான் ரோமா குடும்பங்கள் இங்கே வந்தன. செக் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்த ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போரின்போது லெத்தி, ஹோதோனின் முகாம்களிலும் ஆஷ்விட்ஸிலும் அழிக்கப்பட்டார்கள். லெத்தி முகாம் இருந்த இடத்தில் பின்னாளில் பன்றிப் பண்ணை நடந்தது. அரசு அதை விலைக்கு வாங்கி இடித்து, 2024-இல்தான் நினைவிடம் திறந்தது. போருக்குப் பின் ஆளில்லாமல் கிடந்த தொழில் நகரங்களுக்குக் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் கிராமங்களிலிருந்து ரோமா மக்கள் வந்து சேர்ந்தார்கள். இன்றைய ஓஸ்த்ராவா ரோமாக்களில் பெரும்பாலோர் அவர்களுடைய வழிவந்தவர்கள். இந்தப் பயணம் கிழக்கு நோக்கிப் போவதற்கு அதுவே காரணம். ரோமா பிள்ளைகளின் கல்வி குறித்த பெயர்பெற்ற வழக்கு முளைத்தது இந்த நகரத்தில். வழக்குக்கு வந்த வழி கிராமங்களில் தொடங்குகிறது.

நகரத்தில் நடந்தது இதுதான். செக் பள்ளி முறையில், மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கென்று ‘சிறப்புப் பள்ளி’ ஒன்று தனியாக இருந்தது. பாடம் எளிது, எதிர்பார்ப்பும் குறைவு. அங்கே படித்து முடித்த பிள்ளை, பொதுவான மேல்நிலைப் பள்ளிக்குப் போக வழியில்லை. கைத்தொழில் பயிற்சிதான் கதி. யார் அந்தப் பள்ளிக்குப் போவது என்பதை உளவியலாளரின் சோதனை முடிவு செய்தது. சோதனை செக் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. வீட்டில் ரோமா மக்களின் மொழியான ரோமானியோ, ரோமானி கலந்த செக்கோ பேசிய பிள்ளை, அங்கே காட்டப்பட்ட படத்துக்கு எதிர்பார்த்த சொல்லைச் சொல்லாவிட்டால் அது அறிவுக் குறையாகப் பதிவானது. 1999 வாக்கில் ஓஸ்த்ராவாவின் சிறப்புப் பள்ளிகளில் 1,360 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் 762 பேர், அதாவது 56 விழுக்காட்டினர், ரோமா. நகரின் பொதுவான தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள் 33,372 பேரில் ரோமா பிள்ளைகள் 2.26 விழுக்காடு மட்டுமே. ரோமா அல்லாத பிள்ளைகளில் 1.8 விழுக்காட்டினர் சிறப்புப் பள்ளியில் இருந்தார்கள். ரோமா பிள்ளைகளில் பாதிக்கும் சற்று மேல்.

புடாபெஸ்டில் 1996-இல் தொடங்கப்பட்ட ஐரோப்பிய ரோமா உரிமை மையம் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு 18 பிள்ளைகள் சார்பில் வழக்காடியது. செக் அரசமைப்பு நீதிமன்றம் 1999-இல் அதைத் தள்ளியது. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் 2006 பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. அதே நீதிமன்றத்தின் பேரமர்வு மட்டும் 2007 நவம்பர் 13 அன்று, 13 பேருக்கு 4 பேர் என்ற கணக்கில் அதை மாற்றியது. வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு விதி எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் விளைவு ஓர் இனத்தார் மேலேயே விழுமானால், புள்ளிவிவரமே முதற்சான்று. நியாயம் காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது. ரோமா கல்வி வழக்குகள் அத்தனைக்கும் பின்னால் நின்றது இந்தத் தர்க்கம்தான்.

அரசுத் தரப்பு கையில் எடுத்த வலுவான வாதம், பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்பது. உண்மைதான், போட்டிருந்தார்கள். அச்சிட்ட படிவம், ஏற்கெனவே நிரப்பப்பட்ட வரிகள், சிறப்புப் பள்ளியில் சேர்ந்தால் பிறகு என்ன ஆகும் என்று சொல்ல ஆளில்லாத அலுவலகம். அண்டை வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அங்கேதான் இருந்தார்கள். அங்கே யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை. பெற்றோர் முன்னால் இருந்த தேர்வு, பகை நிறைந்த பொதுப்பள்ளி அல்லது எதிர்காலம் இல்லாத சிறப்புப் பள்ளி. இனப் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை ஒருவர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்றது பேரமர்வு. பிள்ளைகளின் நன்மைக்காகவே செய்தோம் என்ற சொல்லும் பெற்றோரே சம்மதித்தார்கள் என்ற சொல்லும் வழியெங்கும் திரும்பத் திரும்பக் காதில் விழும்.

தீர்ப்பு வரும்போது சிறப்புப் பள்ளி என்ற பெயரே சட்டத்தில் இல்லை. 2004-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை ஒழித்திருந்தது. பெயர்ப் பலகை ‘நடைமுறைப் பள்ளி’ என்று மாறியது. பல இடங்களில் கட்டடமும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் மாறவில்லை. 2014-இல் ஐரோப்பிய ஆணையம் இதே காரணத்துக்காகச் செக் குடியரசின் மேல் நடவடிக்கை தொடங்கிய பிறகே, பொதுப்பள்ளிக்குள்ளேயே துணை ஆசிரியரும் தனி உதவியும் தரும் சட்டத் திருத்தம் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு, பள்ளிக்கு முந்தைய மழலையர் வகுப்பு ஓராண்டு கட்டாயமாயிற்று. பெயரை மாற்றிப் பொருளைக் காப்பாற்றுவதில் அரசு அலுவலகங்களுக்கு எந்த நாட்டிலும் கைதேர்ந்த பழக்கம் உண்டு.

ஓஸ்த்ராவாவில் வேறொரு முயற்சியும் பார்க்கக் கிடைக்கிறது. 1997 ஜூலையில் வந்த பெருவெள்ளம் ரோமா குடும்பங்கள் வாழ்ந்த தாழ்வான தெருக்களை அடித்துக்கொண்டு போனது. அப்போது ஓலோமோட்ஸ் நகரில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர் கேரளத்தில் பிறந்த குமார் விஸ்வநாதன். உதவிக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற பொருளுள்ள பெயரில் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 2002-இல் முக்லினோவ் பகுதியில் ரோமா குடும்பங்களும் செக் குடும்பங்களும் கலப்புக் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறிய சிற்றூர் ஒன்று எழுந்தது. பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைக்க வேண்டுமானால் பெற்றோர் ஒரே தெருவில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் அடிப்படை. வகுப்பறையை மட்டும் திருத்த நினைக்கும் திட்டங்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

கிழக்கே ஸ்லோவாக்கியாவுக்குள் போகும் ரயில் பாதையில் தாத்ரா மலைகள் இடப்பக்கம் நெடுநேரம் கூட வருகின்றன. பொப்ராத் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட ஸ்பிஷ்ஸ்கா சோபோத்தா, கூரை சரிந்த வீடுகளும் புனித ஜார்ஜ் தேவாலயமும் கொண்ட பழைய சதுக்கம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கே லுத்தரன் போதகராக இருந்த சாமுவேல் அகஸ்தினி, ரோமா மக்களைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியவர்களில் ஒருவர். 1775-76-இல் வியன்னா இதழ் ஒன்றில் வந்த அந்தத் தொடரோடு சேர்ந்து ஒரு கதையும் பரவியது: வாயி இஷ்த்வான் என்ற ஹங்கேரியப் போதகர், லெய்டன் பல்கலைக்கழகத்தில் மலபார் மாணவர்கள் மூவரைச் சந்தித்து அவர்கள் மொழிச் சொற்களைக் குறித்துக்கொண்டார், ஊர் திரும்பி அவற்றை ரோமாக்களிடம் படித்துக் காட்டினார், அவர்களுக்குப் புரிந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் ஒரு நெருடல் உண்டு. அக்காலத்து டச்சுக்காரர்கள் தமிழைத்தான் மலபார் மொழி என்று எழுதினார்கள். ரோமானியோ இந்தோ-ஆரிய மொழி. தண்ணீருக்குப் ‘பானி’, மூக்குக்கு ‘நக்’, இரண்டுக்கு ‘துய்’ என்று சொல்லும் மக்களுக்குத் தமிழ் புரிந்திருக்க வாய்ப்பில்லை. டச்சு ஆட்சியில் இருந்த இலங்கையிலிருந்து இறையியல் படிக்கப் போன மாணவர்களாக அவர்கள் இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அவர்கள் பேசியது இந்தோ-ஆரிய மொழியான சிங்களம் என்றால் உறவு பொருந்தும். கதை எப்படியானாலும், ரோமாக்களின் பூர்வீகம் இந்தியா என்ற முடிவு பின்வந்த மொழியியலால் உறுதியானது.

அகஸ்தினி எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வியன்னாவிலிருந்த பேரரசி மரியா தெரேசா ரோமாக்களை ‘நாகரிகப்படுத்த’ ஆணைகள் பிறப்பித்தார். பழைய பெயரால் அழைக்கக் கூடாது, ‘புதிய ஹங்கேரியர்’ என்று சொல்ல வேண்டும். அவர்கள் மொழியைப் பேசக் கூடாது. 1773-இல் வந்த ஆணை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் குடியானவர் வீடுகளில் வளர்க்கச் சொன்னது. வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளில் பலர் தப்பி ஓடி வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். ரோமா பெற்றோர் பள்ளிக்கூடத்தை நம்புவதில்லை என்று இன்றும் சலித்துக்கொள்ளும் அதிகாரிகள், அரசு முதன்முதலில் அவர்கள் பிள்ளைகளைத் தேடி வந்தது எதற்காக என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஸ்லோவாக்கியாவில் ரோமாக்கள் 4 லட்சத்துக்கு மேல். ப்ரெஷோவ், கோஷித்ஸே மாவட்டங்களில் சாலையை விட்டு விலகிப் பார்த்தால் ஓடைக்கரையிலோ சரிவிலோ ‘ஒசாதா’ என்று அழைக்கப்படும் குடியிருப்புகள் தென்படும். பலகையும் தகரமும் செங்கல்லும் கலந்த வீடுகள். குடிநீர்க் குழாய் எல்லா இடத்திலும் இல்லை. மழை பெய்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் காலணி முழுவதும் சேறு. ப்ரெஷோவுக்கு அருகில் உள்ள ஓஸ்த்ரோவானி என்ற ஊர் 2009-இல் தன் ரோமா குடியிருப்புக்கும் மற்ற வீடுகளின் தோட்டங்களுக்கும் நடுவே கான்கிரீட் சுவர் எழுப்பியது. பழத்திருட்டைத் தடுக்கவே சுவர் என்றார்கள்.

சில கிலோமீட்டர் தள்ளி ஷரிஷ்ஸ்கே மிஹல்யானி. இந்த ஊரின் தொடக்கப் பள்ளியில் சுவர் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. ரோமா பிள்ளைகளின் வகுப்புகள் தனியாக, வேறு மாடியில் நடந்தன. கோஷித்ஸேயில் இயங்கும் ‘பொராத்னியா’ என்ற சட்ட உதவி அமைப்பு வழக்குத் தொடுத்தது. பள்ளித் தரப்பு சொன்ன விளக்கம் வழக்கமானது: பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் தேவை, சேர்த்து உட்காரவைத்தால் மற்றப் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். ப்ரெஷோவ் நீதிமன்றங்கள் இரண்டும் ஏற்கவில்லை. 2012 அக்டோபரில் மேல்முறையீட்டிலும் பள்ளி தோற்றது. ஸ்லோவாக்கியாவில் ரோமா பிள்ளைகளைப் பள்ளிக்குள் பிரித்துவைத்தது சட்ட விரோதம் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது அதுவே முதல் முறை.

பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடுவார்கள் என்ற பயம் கற்பனை அல்ல. ஸ்லோவாக்கியாவின் பல ஊர்களில் ரோமா பிள்ளைகள் பாதியைத் தாண்டியதும் மற்றவர்கள் அக்கம்பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் யாரும் திட்டமிடாமலே பள்ளி முழுக்க ரோமா பள்ளியாகிவிடுகிறது. இடம் போதாமல் போனால் காலையில் ஒரு பிரிவு, பிற்பகலில் ஒரு பிரிவு என்று வகுப்பு நடக்கிறது. அதுவும் போதாவிட்டால் குடியிருப்பின் ஓரத்தில் கொள்கலன் பெட்டிகளை அடுக்கிப் புதுப்பள்ளி எழுகிறது. பிள்ளைகள் தூரம் நடக்க வேண்டாமே என்று சொல்லப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021-இல் நடத்திய ஆய்வில், தன் பள்ளியில் அனைவரும் அல்லது பெரும்பாலோர் ரோமாவாகவே இருக்கும் பிள்ளைகள் ஆய்வு நடந்த நாடுகளில் மொத்தமாக 52 விழுக்காடு, ஸ்லோவாக்கியாவில் 65. ஐந்தாண்டுகளுக்கு முன் அந்த மொத்தக் கணக்கு 44-ஆக இருந்தது. 2023 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் ஸ்லோவாக்கியாவை ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்தது.

கோஷித்ஸே அழகான நகரம். புனித எலிசபெத் பேராலயத்திலிருந்து நீளும் பெருந்தெருவில் மாலை நேரத்தில் பாடும் நீரூற்று ஓடும். ரோமா மொழியில் நாடகம் போடும் ரோமாதான் அரங்கு 1992 முதல் இங்கே இயங்குகிறது. ஊரின் மேற்கு விளிம்பில் லூனிக் 9. 1970-களின் இறுதியிலிருந்து எழுந்த இந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ராணுவத்தினரும் காவலர்களும் ரோமா குடும்பங்களும் கலந்து வாழ்வார்கள் என்பது திட்டம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ரோமா குடும்பங்கள் வந்து நிறைந்தன. தண்ணீரும் எரிவாயுவும் துண்டிக்கப்பட்ட கட்டடங்கள், இடிக்கப்பட்ட சில கட்டடங்களின் வெற்றிடம், நடுவில் சலேசியத் துறவியரின் மையம். அந்த மையத்தின் முன்னால்தான் 2021 செப்டம்பர் 14 அன்று போப் பிரான்சிஸ் நின்று பேசினார். அவர் வருகைக்காகச் சாலை போட்டார்கள், சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள். குடியிருப்புக்குள் இருக்கும் பள்ளியில் ரோமா அல்லாத பிள்ளையைக் காண்பது அரிது. இது யாருடைய ஆணையாலும் ஆனதல்ல என்பதால் எந்த நீதிமன்றத்தாலும் எளிதில் அவிழ்க்கக் கூடியதும் அல்ல.

கோஷித்ஸேயிலிருந்து கிழக்கே, இன்று உக்ரைனில் இருக்கும் உஷ்ஹோரோத், இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்திருந்தது. அங்கே 1926-இல் ரோமா பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறந்தார்கள். கட்டடத்தை ரோமாக்களே கட்டினார்கள். செங்கல் அறுப்பதும் சுவர் வைப்பதும் அவர்கள் தொழில்தான். தனிப் பள்ளி என்றாலே தண்டனை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு அந்தக் கட்டடம் பழைய சாட்சி. யார் கட்டினார்கள், படித்து முடித்தால் எங்கே போகலாம் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே எந்தத் தனிப் பள்ளி எந்த வகை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹங்கேரிக்குள் போனதும் இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகின்றன.

எல்லையைத் தாண்டித் தெற்கே வந்தால் ஷாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஓஜ்த், மிஷ்கோல்ஸ் ஊர்களின் இரும்பாலைகளும் சுற்றுவட்டாரச் சுரங்கங்களும் 1989-க்குப் பின் சரிந்தபோது முதலில் வேலை இழந்தவர்கள் ரோமாக்கள். ஷாயோகாசா கிராமத்தில் 2007-இல் தொடங்கப்பட்ட பள்ளியின் பெயர் ‘டாக்டர் அம்பேத்கர் பள்ளி’. தொடங்கியவர்கள் திபோர் தெர்தாக் என்ற சமூகவியலாளரும் யானோஷ் ஓர்ஷோஷ் என்ற ரோமா ஆசிரியரும். அம்பேத்கரின் வாழ்க்கையைப் படித்ததும் அதில் தங்கள் ஊர்க்கதையைக் கண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு வந்து பௌத்தம் தழுவிய தலித் மக்களைச் சந்தித்தார்கள். திரும்பிப் போய் ‘ஜெய் பீம்’ என்ற பெயரிலேயே பௌத்த சமயக் குழுவை அமைத்தார்கள். பள்ளிச் சுவரில் கோட்டும் மூக்குக் கண்ணாடியும் அணிந்த அம்பேத்கர். ஹங்கேரியக் கிராமத்துப் பதின்வயதுப் பிள்ளைகள் அம்பேத்கரின் மகாத் குளப் போராட்டம் பற்றிப் படிக்கிறார்கள்.

இங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் வேறு பள்ளிகளால் கைவிடப்பட்டவர்கள். தொடக்கப் பள்ளியோடு நின்றவர்கள், கைக்குழந்தையோடு வரும் இளம் தாய்மார்கள், வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவர்கள். பள்ளியின் குறி ஒன்றே: ‘எரெத்சேகி’ எனப்படும் பள்ளி இறுதித் தேர்வு. அது இல்லாமல் ஹங்கேரியில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாது. பிழைக்கக் கைத்தொழில் போதும் என்று ரோமா பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்லிவந்த நாட்டில், கணிதமும் இலக்கியமும் அந்நிய மொழியும் கற்றுத் தேர்வெழுது என்று சொன்னதே இந்தப் பள்ளியின் கலகம். அரசு தந்த பரிசு வேறுவிதம். 2011-இல் வந்த புதிய சமயச் சட்டம் நூற்றுக்கணக்கான சிறிய சமயக் குழுக்களைப் போல ஜெய் பீம் குழுவின் சபை அங்கீகாரத்தையும் பறித்தது. அதோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த கூடுதல் மானியமும் போயிற்று. அதே ஆண்டின் கல்விச் சட்டம் கட்டாயக் கல்வி வயதை 18-லிருந்து 16-ஆகக் குறைத்தது. பள்ளியின் பணிகள் மிஷ்கோல்ஸ் நகருக்கும் விரிந்தன, பணத்தட்டுப்பாடு நீங்கவில்லை.

கிழக்கே ந்யீரெஜ்ஹாசாவில், பழைய குதிரைப்படை முகாமாக இருந்து ரோமா குடியிருப்பாக மாறிய ஹுசார்தெலெப் பகுதியில், கிட்டத்தட்ட ரோமா பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளியை நகராட்சி 2007-இல் மூடியது. பிள்ளைகள் பேருந்தில் நகரின் மற்றப் பள்ளிகளுக்குப் போனார்கள். 2011-இல் அதே கட்டடத்தில் கிரேக்கக் கத்தோலிக்கச் சபை மறுபடியும் பள்ளி திறந்தது. பேருந்து நின்றது. வாய்ப்பற்ற பிள்ளைகளுக்காக வழக்காடும் அறக்கட்டளை ஒன்று வழக்குத் தொடுக்க, மனிதவள அமைச்சராக இருந்த ஸோல்தான் போலோக் தாமே நீதிமன்றத்துக்கு வந்து பள்ளிக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். கீழ் நீதிமன்றங்கள் பிரித்துவைத்தல் என்றன. உச்ச நீதிமன்றமான கூரியா, பெற்றோர் தம் விருப்பத்தால் சமயப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று 2015-இல் சபையின் பக்கம் நின்றது. ஓஸ்த்ராவா வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க் நிராகரித்த பெற்றோர் சம்மதம் என்ற வாதம் இங்கே வென்றது; சமயச் சுதந்திரம் என்ற மேலங்கி அதற்கு உதவியது. பள்ளியை நடத்தியவர்களின் அன்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அருகிலேயே பேருந்து வசதியும் மற்றப் பள்ளிகளும் இருந்தபோது அந்தக் கட்டடத்தைத் திறக்க வேண்டிய அவசியம் என்ன என்பதற்குத் தெளிவான பதில் வரவில்லை.

மேற்கே மாத்ரா மலையடிவாரத்தில் ஜ்யோங்யோஷ்பாதா. திராட்சைத் தோட்டங்களும் பாறையில் குடைந்த மது நிலவறைகளும் உள்ள ஊர். மேட்டுத் தேவாலயத்தின் பலிபீடத்தில் ஈசாயின் உடலிலிருந்து கிளைவிட்டு எழும் மரமாக இயேசுவின் வம்சம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து வருகிறார்கள். 2011-இல் இந்த ஊர் வேறு காரணத்துக்காகச் செய்தியானது. சீருடை அணிந்த தீவிர வலதுசாரிக் கும்பல்கள் வாரக்கணக்கில் ரோமா தெருக்களில் ரோந்து சுற்றின. அந்தக் கலவரத்தை விசாரிக்க வந்த சிறுபான்மையினர் உரிமை ஆணையர் எர்னோ கால்லாய், பள்ளிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். ரோமா பிள்ளைகளின் வகுப்புகள் கீழ்த்தளத்தில், மற்றவை மேல்தளத்தில். நீச்சல் பயிற்சி மேல்தளத்துக்கு உண்டு, கீழ்த்தளத்துக்கு இல்லை. எட்டு ஆண்டு படித்தும் எழுதப் படிக்கத் தடுமாறிய பிள்ளைகள் இருந்தார்கள்.

கூரியா 2015-இல் இதைப் பிரித்துவைத்தல் என்று உறுதி செய்தது. அடுத்து வந்த கேள்வி, இழந்த கல்விக்கு விலை என்ன என்பது. சுமார் 60 பேர் இழப்பீடு கேட்டார்கள். 2020 ஜனவரியில் பிரதமர் விக்டர் ஓர்பான், வேலை செய்யாமல் பெருந்தொகை பெறுவது ஊர்மக்களின் நியாய உணர்வைப் புண்படுத்துகிறது என்ற தொனியில் பேசினார். பணத்துக்குப் பதில் பயிற்சி வகுப்பு தரலாம் என்றது அரசு. அரசு தராமல் விட்டது கல்வி. அதே அரசு அதே கல்வியை இழப்பீடாகத் தர முன்வந்தது விநோதமான கணக்கு. அந்த மே மாதம் கூரியா பணமாகவே தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மொத்தம் ஏறக்குறைய 10 கோடி ஃபோரிண்ட். ஜூலையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இனி இத்தகைய வழக்குகளில் இழப்பீடு கல்வியாகவும் பயிற்சியாகவும் மட்டுமே.

புடாபெஸ்டில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை; ஆனால் இங்கே சேர்ந்திருக்கும் ஆய்வுகளைக் கடந்துபோக முடியாது. 2005 முதல் 2015 வரை நடந்த ‘ரோமா உள்ளடக்கப் பத்தாண்டு’ திட்டத்தோடு பிறந்த ரோமா கல்வி நிதியம் இந்த நகரிலிருந்து உதவித்தொகைகள் வழங்கியது. பொருளாதார ஆய்வாளர்கள் காபோர் கெர்தெசியும் காபோர் கேஸ்தியும் நாடு தழுவிய தேர்வு மதிப்பெண்களை அலசினார்கள். ரோமா பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கத்தான் செய்தது. வீட்டில் புத்தகம் இருக்கிறதா, சின்ன வயதில் கதை சொல்லப்பட்டதா, வீட்டு வருமானம் எவ்வளவு, பள்ளியின் தரம் என்ன என்பவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி மறைந்தது. 2000-களின் தொடக்கத்தில், ரோமா கல்விக்கான ஆணையராக இருந்த விக்டோரியா மோஹாச்சி கொண்டுவந்த ஒருங்கிணைப்புத் திட்டப் பள்ளிகளைக் கேஸ்தியும் எவா சுரான்யியும் ஆராய்ந்தார்கள். சேர்ந்து படித்ததால் ரோமா பிள்ளைகள் முன்னேறினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. திட்டம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வசதியுள்ள பெற்றோருக்குப் பெரிதாக இருந்தது. நகரிலும் கிராமங்களிலும் ‘தனோதா’ என்ற பிற்பகல் படிப்பகங்கள் மட்டும் தொடர்கின்றன: வீட்டுப்பாடம், ஒரு வாய் சாப்பாடு, பிள்ளையின் பெயர் தெரிந்த ஒரு பெரியவர்.

தெற்கில் பேச் நகரம். துருக்கியர் காலத்துக் காசிம் பாஷா மசூதி இன்று கத்தோலிக்க ஆலயமாகச் சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது; குவிமாடத்தின் மேல் பிறையும் சிலுவையும் ஒன்றாக. நகரின் கிழக்கே, பழைய சுரங்கத் தொழிலாளர் வட்டாரத்தில், காந்தி மேல்நிலைப் பள்ளி. 1994-இல் வகுப்புகளைத் தொடங்கிய இது, ரோமா மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யவென்றே எழுந்த ஐரோப்பாவின் முதல் மேல்நிலைப் பள்ளி. முதல் தலைமையாசிரியர் யானோஷ் போக்தான் ரோமா; 1999-இல் சாலை விபத்தில் இறந்தார். தொடக்க நாள் ஆசிரியர்களில் பிற்பாடு ஷாயோகாசாவில் அம்பேத்கர் பள்ளி தொடங்கிய தெர்தாக்கும் இருந்தார். காந்தியும் அம்பேத்கரும் இந்தியாவில் மோதியது ஊரறிந்த கதை. ஹங்கேரியில் இருவர் பெயரையும் ஒரே ஆசிரியரின் பணி இணைத்திருப்பதைப் பூனா ஒப்பந்தத்தைப் படித்த தமிழ் வாசகர் புன்னகையோடுதான் பார்க்க முடியும்.

ஹங்கேரிய ரோமாக்களில் பெரும்பாலோர் ஹங்கேரிய மொழியே பேசுகிறவர்கள். 1971-இல் சமூகவியலாளர் இஷ்த்வான் கெமேனி நடத்திய ஆய்வில் ரோமானி பேசியவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. ரோமேனிய மொழியின் பழைய வடிவமான பேயாஷ் பேசியவர்கள் 8 விழுக்காடு. பேச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பேயாஷ் மக்களுடையவை. காந்தி பள்ளியில் பேயாஷும் ரோமானியின் லோவாரி வழக்கும் பாடங்கள். பாட்டி வீட்டில் பேசும் மொழிக்கு இலக்கணம் உண்டு, அதில் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கலாம் என்பது பல பிள்ளைகளுக்கு இங்கே வந்துதான் தெரிகிறது. தொலைவிலிருந்து வருபவர்களுக்கு விடுதி உண்டு. படிக்கத் தனி அறையோ மேசையோ இல்லாத வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு விடுதி, பாடத்திட்டத்தைவிட முக்கியமானது என்று சொன்னால் மிகையாகாது.

பள்ளியைப் பற்றி எதிர்ப்புக் குரலும் உண்டு. ரோமா பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் நகரின் மற்றப் பள்ளிகளுக்குப் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதே என்று ஒருங்கிணைப்பை வலியுறுத்துவோர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஜ்யோங்யோஷ்பாதாவின் கீழ்த்தளத்திலும் ரோமா பிள்ளைகள்தான், இங்கேயும் பெரும்பாலும் அவர்கள்தான். வேறுபாடு பாடத்தில் தெரிகிறது. இங்கே பாடத்தின் எல்லை குறைக்கப்படவில்லை. ரோமா அல்லாதவரும் சேரலாம். ஆண்டு இறுதியில் வரும் எரெத்சேகி வினாத்தாள் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆறு ஆண்டுப் படிப்பை முடித்த முதல் அணி 2000-இல் அந்தத் தேர்வை எழுதியது. அதே நகரில் பேச் பல்கலைக்கழகம் ரோமா மொழியையும் சமூகத்தையும் ஆராயும் தனித்துறையை நடத்துகிறது. ரோமா மாணவர்களுக்கு உதவித்தொகையும் கூடுதல் வகுப்பும் தரும் வ்லிஸ்லோட்ஸ்கி ஹென்ரிக் மாணவர் கல்லூரி அதை ஒட்டியே வளர்ந்தது. அந்தத் துறையின் வகுப்புகளில் ரோமா மாணவர்களோடு, நாளை கிராமப் பள்ளிகளிலும் சமூக நல அலுவலகங்களிலும் வேலைக்குச் சேரப்போகும் ஹங்கேரிய மாணவர்களும் உட்கார்ந்து படிக்கிறார்கள்.